ரிலீவர் வராத கணவாய்

ராக்கப்பன் ஏமாளி என்று யாராவது சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். அமீரகத்துப் புஜைராவில் கடை வைத்து ஆட்களைப் பார்த்துப் பார்த்துப் பழுத்தவன் நான். வாசலில் கால் வைக்கும்போதே யார் எப்படி என்று எடை போட்டுவிடுவேன். அழுகல் வெங்காயத்தை என் தலையில் கட்டப் பார்த்த ஏஜெண்டைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்ததே ராக்கப்பன்தான். அவன் விவரமான ஆள். அவனிடம் இருந்த ஒரு நல்ல குணத்தை வைத்தே அவனை வீழ்த்தினார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவனுக்கு முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிராமம். எனக்குக் கீழக்கரை. ஒரே மாவட்டம் என்பதால் ஒட்டிக்கொண்டோம். துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய் டேங்குகளில் அவனுக்கு வேலை. டேங்கைக் காலி செய்து உள்ளே ஆட்களை விட்டுக் கழுவும்போது, கீழே இருக்கும் மேன்ஹோல் வாசலில் ஒருவன் நிற்க வேண்டும். ஹோல் வாட்ச்சர் என்பார்கள். உள்ளே யார் போனார்கள், யார் வெளியே வந்தார்கள், யாருக்காவது மூச்சு முட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சும்மா நிற்கிற வேலைதானே என்று தோன்றும். ஆனால் உள்ளே ஒரு ஆள் இருந்தாலும் அந்த வாசலை விட்டு நகரக் கூடாது. ஒன்றுக்குப் போக வேண்டுமென்றாலும் ரிலீவர், அதாவது மாற்று ஆள், நேரில் வந்து, "நான் பாத்துக்கிறேன், நீ போ" என்று சொல்ல வேண்டும். அதுவரை நிற்க வேண்டும்.

மற்றவர்கள் நிழல் தேடுவார்கள், போனைப் பார்ப்பார்கள். ராக்கப்பன் அப்படியில்லை. ஒருமுறை மணல் காற்று அடித்து சைட்டே கலைந்து ஓடியபோது, உள்ளே இருந்த இரண்டு பேர் வெளியே வரும்வரை முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அங்கேயே நின்றிருக்கிறான். அதன் பிறகு டேங்குக்குள் போகிறவர்கள், வெளியே யார் டூட்டி என்று கேட்டுக்கொண்டுதான் போவார்கள். அவன் பெயரைச் சொன்னால் நிம்மதியாகப் போவார்கள்.

அவனுக்கு மட்டும் இதில் ஒரு மனக்குறை இருந்தது. என் கடையில் டீ குடித்துக்கொண்டே சொல்லுவான்.

"எல்லாரும் உள்ள போறாங்க, வர்றாங்க பாய். நான் வந்த நாள்லருந்து வாசல்லயேதான் நிக்கிறேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நான் போகணும். யாராச்சும் எனக்காக நிக்கணும்."

எங்கே போவது என்பதைக் கேம்பில் அவன் பக்கத்துக் கட்டில் நேபாளக்காரன் முடிவு செய்துவிட்டான். அவன் ஊர்ப் பக்கத்துத் தோராங் லா கணவாயைப் போனில் காட்டியிருக்கிறான். வழியெல்லாம் டீ ஹவுஸ்கள், அதாவது சாப்பாடும் படுக்கையும் தருகிற சின்னச் சின்ன விடுதிகள். ஒவ்வொன்றாகத் தங்கித் தங்கி ஏறி, பனி கிடக்கும் கணவாயைக் கடந்து அந்தப் பக்கம் முக்திநாத் கோயிலுக்கு இறங்கலாம். கோயிலுக்கு ஜீப்பிலேயே போகலாமாம். ராக்கப்பனுக்குக் கோயில் இல்லை, கணவாய்தான் வேண்டும். காசு கொடுத்து மலை ஏறுகிற ஆளை நான் அதுவரை கண்டதில்லை. கேலி செய்தேன். அவன் சிரித்தானே தவிர அசையவில்லை. ஊருக்குப் போகிற லீவில் பாதியை வெட்டி இதற்கு வைத்தான். மனைவி பஞ்சவர்ணம், "போய்ட்டு வாங்க. அந்தப் பக்கம் எறங்குனதும் எனக்குத்தான் மொத போன்" என்று சொன்னதாகப் பெருமையாகச் சொன்னான்.

இங்கேதான் விஜயபாஸ்கர் நுழைகிறான். அதே கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். காரைக்குடிக்காரன், பேச்சில் சக்கரை கொட்டும். ஹோல் வாட்ச்சர்களுக்கு விதிமுறைகளைச் சொல்லிக் கொடுப்பதே அவன்தான். "ரிலீவர் வராம நகந்தா நீ கொலைகாரன்டா" என்று வகுப்பெடுப்பான். அவன் மனைவி அருணாவும் இங்கேதான் இருந்தாள். ராக்கப்பனை வாய் நிறைய "அண்ணே" என்பாள். கேம்ப் சாப்பாடு வாய்க்கு விளங்காது என்று மீன்குழம்பு கொடுத்தனுப்புவாள். அந்த முறையில் விஜயபாஸ்கரும் இவனை "மச்சான்" என்று கூப்பிடுவான். மலைத் திட்டத்தைக் கேட்டதும் தானும் அருணாவும் வருவதாகத் துள்ளினான். கம்பெனி குரூப்பில் போட்டோ போட்டான். கணவாய் உச்சியில் பிடிப்பதற்கென்று 'பாதுகாப்பே முதல்' என்று எழுதிய ஒரு பேனரையும் அடித்துவிட்டான்.

என் கடையில் வைத்துத்தான் சொன்னான், என் காதால் கேட்டேன். "மச்சான், இங்க நீ எங்களுக்காக நின்னது போதும். அங்க நீ போ, நான் நிக்கிறேன்."

ராக்கப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குமே அன்று விஜயபாஸ்கர்மேல் ஒரு மரியாதை வந்தது. அதை நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நேபாளத்தில் அவர்களுக்கு வழிகாட்டி நீமா என்கிற ஷெர்பா, மூட்டை தூக்க ஒரு போர்ட்டர். போர்ட்டர் பெயர் புத்தி. கல்ஃபில் பழகிய இந்தி எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. முதல் நாட்களில் ராக்கப்பன் எனக்கு அனுப்பிய குரல் செய்திகளைக் கேட்க வேண்டும், சின்னப் பிள்ளை தோற்றுவிடும். பலகைத் தடுப்பு அறை, பக்கத்து அறைக்காரன் திரும்பிப் படுத்தாலும் கேட்கிறது. சாப்பாட்டுக் கூடத்தில் இரும்பு அடுப்பைச் சுற்றிக் காலுறைகள் காய்கின்றன. பருப்புச் சோறு கேட்கக் கேட்கப் போடுகிறார்கள். "மூச்சு வாங்குது பாய், ஆனா மனசு லேசா இருக்கு. காலையில எந்திரிச்சா நடக்குறது ஒண்ணுதான் வேல" என்றான்.

கணவாய்க்கு முந்தைய கடைசி டீ ஹவுஸில் அருணாவுக்கு முடியாமல் போனது. மண்டை பிளக்கிற வலி, வாந்தி. நீமா பார்த்துவிட்டு, உயரம் ஒத்துக்கொள்ளவில்லை, காலையிலும் இப்படியே இருந்தால் இறக்கிவிட வேண்டியதுதான், வேறு வழியில்லை என்றான். அங்கேயே முடிவானது. விஜயபாஸ்கரும் புத்தியும் அருணாவைக் கீழே கூட்டிப்போவது. ராக்கப்பன் நீமாவோடு கணவாயைக் கடப்பது. பொண்டாட்டிக்கு முடியவில்லை என்றால் புருஷன்தானே கூட இருக்க வேண்டும். விஜயபாஸ்கரும் தலையாட்டினான்.

விடியுமுன்னே கிளம்ப வேண்டும், வெயில் ஏறினால் கணவாயில் காற்று ஆளைத் தள்ளிவிடும். ராக்கப்பன் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது விஜயபாஸ்கர் வந்து கதவைத் தட்டினான்.

"மச்சான், அருணாவுக்கு இன்னும் தல தூக்க முடியல. கீழ எறக்க ஒரு குதிரை கேட்டுட்டு வந்துடுறேன். நீ ரூம் வாசல்ல நின்னு பாத்துக்க. நான் வந்து ரிலீவ் பண்றவரைக்கும் நகராத."

ரிலீவ் பண்றவரைக்கும் நகராத. இந்த வார்த்தையைக் கவனியுங்கள். "கொஞ்சம் பாத்துக்க" என்று சொல்லியிருந்தால் ராக்கப்பன் சற்று நேரம் பார்த்துவிட்டு அவனைத் தேடிப் போயிருப்பான். இது டூட்டி வார்த்தை. எந்தச் சொல்லைச் சொன்னால் இவன் கால் தரையில் ஊன்றிக்கொள்ளும் என்று சொல்லிக் கொடுத்தவனுக்கே தெரியாதா? தெரிந்தேதான் சொன்னான் பாவி.

ராக்கப்பன் அருணா அறையின் வாசலில் நின்றான். கதவைப் பாதி திறந்து வைத்து, அவள் மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். முற்றத்தில் தலைவிளக்குகள் ஒவ்வொன்றாக மலையைப் பார்த்துக் கிளம்பின. சாப்பாட்டுக் கூடம் முற்றத்துக்கு அந்தப் பக்கம்தான். கூப்பிட்டால் கேட்கிற தூரம். கொஞ்ச நேரத்தில் அருணாவே முனகினாள்.

"அண்ணே, அவரு எங்க? நேரமாகுதுல்ல உங்களுக்கு. போய் ஒரு எட்டு பாத்துட்டு வாங்க."

"வந்துருவான்மா. குதிரை கேக்கப் போயிருக்கான்."

"எனக்கு ஒண்ணும் ஆகாது. போய்ப் பாருங்க."

"அவன் வராம நான் நகரக் கூடாதும்மா" என்றிருக்கிறான். அந்த நேரம் முற்றத்தைத் தாண்டிப் போயிருந்தால் அவனைக் கையோடு பிடித்திருக்கலாம். கூடத்தில் விஜயபாஸ்கர் நீமாவிடம் வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தான். ராக்கப்பனுக்குத் தூக்கமே இல்லை, தலைவலி, அவனே அருணாவைக் கூட்டிக்கொண்டு இறங்குவதாகச் சொல்லிவிட்டான் என்று. நீமா நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தானாம். "இப்பதான் கண்ணசந்தான், எழுப்பாத" என்று உட்கார வைத்துவிட்டான். அப்புறம் இரண்டு பேரும் பின்வாசல் வழியாகக் கிளம்பிவிட்டார்கள்.

நன்றாக வெளுத்த பிறகு புத்தி இரண்டு கோப்பை டீயோடு வந்தான். "பாய், இப்போ தலைவலி எப்படி?" என்று இந்தியில் கேட்டான்.

"எனக்கு ஏது தலைவலி? விஜயபாஸ்கர் எங்கே?"

புத்தி முழித்தான். "ஸாப் தோ கயா" என்று மலையைக் காட்டினான். சார் போய்விட்டார்.

ராக்கப்பன் வெளியே ஓடினான். சரிவில் வெகுதூரம் மேலே ஆட்கள் எறும்பு வரிசையாகத் தெரிந்தார்கள். அதில் எது விஜயபாஸ்கர், எது நீமா என்று சொல்ல முடியவில்லை. உச்சியில் பனித்தூள் பறக்க ஆரம்பித்துவிட்டது. ஓடிப்போனால் பிடிக்கலாமா என்று கேட்டான். வேறு குழுக்களின் கடைசி ஆள்கூட மேலே போயாகிவிட்டது, இனித் தனியாக ஏறினால் காற்றில் மாட்டுவாய் என்றான் புத்தி. இன்னொரு நாள் போகலாம் என்றால் அருணாவை இப்போதே இறக்கியாக வேண்டும். நடக்கத் தள்ளாடுகிற பெண்ணைத் தாங்குவதா, மூன்று பேர் மூட்டையைச் சுமப்பதா, புத்தி ஒற்றை ஆளாக எதைச் செய்வான்? குதிரையை யாரும் கேட்கவே இல்லை. இருந்த குதிரைகளும் வேறு ஆட்களோடு போய்விட்டிருந்தன.

அருணா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. ராக்கப்பன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"என்னையக் கழட்டி விட்டுட்டுப் போயிட்டாராண்ணே?" என்றாள். "உங்களையும் சேத்து."

ராக்கப்பன் அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு இறங்கினான். ஏறிய பாதையே. மூச்சு வாங்கி வாங்கி ஏறிய ஒவ்வொரு திருப்பமும் எதிரே வந்தது. வழியில் அருணாவை ஒரு பாறையில் உட்கார வைத்து, தண்ணீர் எடுக்கிற சாக்கில் ஒதுங்கிப் போய் வாய்விட்டு அழுதிருக்கிறான். கீழே போன் எடுக்கிற இடத்துக்கு வந்ததும் எனக்குத்தான் பேசினான். பஞ்சவர்ணத்துக்குப் பேச அவனுக்கு வாய் வரவில்லை.

"நாயக் கட்டிப் போடுற மாதிரி கட்டிப் போட்டுட்டுப் போய்ட்டான் பாய். கயிறுகூட இல்ல. ஒரு வார்த்தையில கட்டிட்டான்" என்றான். போனைப் பிடித்துக்கொண்டு நான் போட்ட சத்தத்தில் கடையில் நின்றவர்கள் என்னவோ ஏதோவென்று பார்த்தார்கள்.

இறங்க இறங்க அருணாவுக்குத் தலைவலி விட்டது. காத்மாண்டுவிலிருந்தே நேராகக் காரைக்குடிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். புருஷன் போனை அவள் எடுக்கவில்லை. ராக்கப்பனுக்கு மட்டும், "பத்திரமா வந்துட்டேன் அண்ணே" என்று ஒரு செய்தி வந்தது. மிச்ச லீவை ஊரில் கழித்துவிட்டு அவன் புஜைரா திரும்பினான். இளைத்திருந்தான். மலையைப் பற்றி யார் கேட்டாலும், "போனேன், வந்தேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

விஜயபாஸ்கர் அதற்கு முன்பே வந்து ராஜாவாக வலம் வந்துகொண்டிருந்தான். பனியில் அந்தப் 'பாதுகாப்பே முதல்' பேனரைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டும் போட்டோ கம்பெனி நோட்டீஸ் போர்டில் தொங்கியது. ஒருநாள் மாலை அவனே என் கடைக்கு வந்தான். ராக்கப்பன் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தான். டூட்டி முடிந்த நேரம், கடை நிறைய அந்தக் கம்பெனி ஆட்கள்.

"மச்சான்! இன்னும் கோவமா?" என்று தோளில் கை போட்டான். "உச்சியில கலர் கலரா வேண்டுதல் கொடி கட்டுறாங்கல்ல, அதுல உன் பேரையும் எழுதித்தான் கட்டுனேன். உனக்கும் சேத்துத்தான் கடந்தேன், சாமி சத்தியமா. அப்படி ஒரு சான்ஸ் திரும்பக் கெடைக்குமா சொல்லு? நீன்னா அருணாவப் பத்திரமா பாத்துக்குவேங்கிற நம்பிக்கைதான்."

நான் கல்லாவை விட்டு எழுந்துவிட்டேன். கையில் அகப்பட்டதை எடுத்து வீசியிருப்பேன். ராக்கப்பன் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தான். தோளில் இருந்த கையை எடுத்துக் கீழே விட்டான்.

"எனக்காக நீ எதையும் கடக்க வேணாம்யா. எனக்காக ஒரு நாள் நின்னிருக்கலாம்" என்றான். "ஃபோர்மேன்கிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு நீ இன்ஸ்பெக்ஷனுக்கு உள்ள போற டேங்குக்கு வேற ஆளப் போடுங்கன்னு. இனிமே நீ உள்ள இருந்தா வெளிய நான் நிக்கிறதா இல்ல."

விஜயபாஸ்கர் சிரிக்கப் பார்த்தான். கடையில் யாரும் கூடச் சிரிக்கவில்லை. "அப்ப யாரு நிப்பா?" என்று சுற்றிலும் பார்த்துக் கேட்டான். அத்தனை பேரும் ஹோல் வாட்ச் டூட்டி தெரிந்தவர்கள்தான். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.