ரேச்சல் அக்கா யூதருங்க

தறிக்குடோனில் நூல் சுற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் வெளியே போய்க் கேட்டேன். நம் தொழிலாளர் சங்கத்து ரேச்சல் அக்கா பீளமேட்டில் தன் வீட்டில் காலையில் இறந்துவிட்டாராம். உள்ளே வந்து தறியை நிறுத்தச் சொன்னேன். விஷயத்தைச் சொன்னதும் எல்லாத் தறியும் நின்றது.

சூலூர்ப் பக்கம் எங்கள் குடோனில் பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது. அக்கா வந்து முதலாளியிடம் பேசினார். "உங்கூட்டு அம்மணி காட்டுக்குப் போவாங்களாங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். சீக்கிரமே கட்டிவிட்டார்கள். அப்படித்தான் நான் சங்கத்தில் சேர்ந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனால் மேஜையில் மெழுகுவத்தி எரிகிறது. கரண்ட் இருக்குதுங்களே அக்கா என்றேன். சிரித்துவிட்டார். அவர் யூதர், வெள்ளி பொழுது சாயும்போது விளக்கேற்றுவது அவர்கள் வழக்கம் என்று அன்றுதான் தெரிந்தது. கொச்சியில் இருந்த சொந்தமெல்லாம் இஸ்ரேலுக்குப் போய்விட்டது. வேலைக்கு வந்த அக்கா கோவையிலேயே தங்கிவிட்டார்.

காஸாவில் குண்டு விழுந்தபோது சங்கம் ஆர்ப்பாட்டம் வைத்தது. அக்கா அட்டை எழுதிவந்தார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். "நான் யூதப் பெண். என் பெயரைச் சொல்லிக் கொல்லாதே." யாராவது வம்புக்கு வருவார்கள், முதல் வரியை மட்டும் அடித்துவிடுங்கள் என்றார் நம் செயலாளர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அக்கா அடிக்கவில்லை. ஓரமாகத் தனியே போய் நின்றார். நானும் பக்கத்தில் போனேன்.

"அத அடிச்சுப்போட்டா நான் என்னத்துக்கு இங்க நிக்கோணும் அம்மணி? என்ற பேரச் சொல்லித்தான குண்டு போடறாங்க," என்றார்.

அக்கா அட்டையோடு நின்ற படத்தைப் போனில் பார்த்த இஸ்ரேல் சொந்தங்கள் துரோகி என்று பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அங்கே அவர் யூதரே இல்லையாம். இங்கே யூதர் என்று சொல்லவே கூடாதாம். அப்புறம் எங்கேதான் போவார்?

இரங்கல் கூட்டத்துக்கு வெளியூர்த் தலைவர் ஒருவர் வந்தார். பேரை வைத்து முடிவு செய்திருப்பார் போல. "கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து மதத்தைத் துறந்த தோழர்" என்று மைக்கில் பேசினார். பக்கத்தில் இருந்த செயலாளருக்கு எல்லாம் தெரியும். தலையைக் குனிந்துகொண்டார்.

நான் எழுந்து நின்றேன். "ஏனுங்க தோழர், அக்கா யூதருங்க. எதையும் துறக்கலீங்க," என்றேன்.

"இப்ப எதுக்குங்கம்மா அதெல்லாம், உக்காருங்க," என்றார் செயலாளர்.

உட்காரவில்லை. தலைவர் திருத்திச் சொல்லட்டும் என்று நின்றுகொண்டே இருந்தேன். அவர் பேசி முடித்து, மௌன அஞ்சலி என்றார். எல்லோரும் எழுந்தார்கள். எல்லோரும் நின்றதில் நான் நின்றது காணாமல் போய்விட்டது.

யூதராகப் பிறந்து, யூதராகவே நம்மோடு நடந்த அக்கா, போய் வாருங்கள்.