சாதுவின் பழுது நோட்டு

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். படிக்கிற காலத்தில் பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்த பிறகுதான் தினமும் உள்ளே நுழைவான். அப்படிப்பட்டவன் மூன்று வருடமாக ஒரு நாயை முன்னிட்டு விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறான்.

அவன் வேலை பார்க்கும் கட்டிடத்தில் ஒரு குடும்பம் ஊர் மாறிப் போனபோது, தங்கள் பாக்ஸர் நாயை இவன் கையில் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வயது, தட்டை மூக்கு, பெயர் சாது. வந்த அன்றே முன்னங்கால்களை என் தோளில் போட்டு முகத்தை நக்கியது. கடிக்கிற சுபாவம் இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை காதைப் பிடித்து இழுத்தாலும் பேசாமல் நிற்கும். சும்மா இருக்கத்தான் தெரியாது.

நான் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருப்பவள். தம்பி வேலைக்குப் போனதும் ரகளை ஆரம்பிக்கும். பசி என்று நினைத்துக் கூடுதலாகச் சாப்பாடு வைத்தேன். தெம்பு ஏறியதுதான் மிச்சம். கட்டிப் போட்டேன், வாரையே கடித்துவிட்டது. தேதி, நேரம், சேதம் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். வாடிக்கையாளர் ஒருவரின் புதுக் கால்சட்டை ஒற்றைக் காலோடு கிடந்த அன்று, நோட்டைத் தம்பி முன்னால் போட்டேன்.

"சாதுன்னு பேரு வச்ச புண்ணியவான் கிட்டயே கொண்டுபோய் விடுடா."

"கூட வேலை பாக்கிறவர் ஒருத்தர் நாய் வேணும்னு கேட்டுக்கிட்டிருந்தார்க்கா. அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை வரச் சொல்றேன்."

சொல்லும்போதே அவன் முகம் வாடிவிட்டது. பிறகு நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் படித்தான். லிஃப்ட் அடிக்கடி நின்றால், என்றைக்கு, எத்தனை மணிக்கு நின்றது என்று பழுதுப் பதிவேட்டை இப்படித்தான் பார்ப்பானாம்.

"அக்கா, ஞாயித்துக்கிழமைல ஒண்ணுகூட இல்லையே."

"அன்னைக்குத்தான் நீ மைதானத்துல ஓட விடுறியே. வந்ததும் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குது."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கும் விளங்கிவிட்டது.

"பழுது அதுகிட்ட இல்லக்கா, நம்மகிட்டதான்."

"நான் யார் கால்சட்டையைடா கடிச்சேன்?"

மறுநாளிலிருந்து தினமும் ஓட்டம். தட்டை மூக்குக்கு வெயிலில் மூச்சு முட்டும். அதனால் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவான். தண்ணீர் காட்டி, முகத்து மடிப்புகளை ஈரத்துணியால் துடைத்து உலர்த்திய பிறகே அவன் குளிக்கப் போவான். பத்து மணிக்கு என் பங்கு. பழைய முரட்டுத் துணியைச் சுருட்டி அதற்குள் தீனியை ஒளித்து வைப்பேன். மோந்து எடுக்க அதற்கு அரைமணி ஆகும்.

முதல் வாரம் ஒரே ஒரு சேதம், என் அளவு டேப். அதற்குப் பிறகு பக்கம் காலி.

சொன்னபடி அந்த ஞாயிற்றுக்கிழமை, தம்பியோடு வேலை பார்ப்பவர் புது வாரோடு வந்து நின்றார். சாது என் பாதத்தில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"இதுவா நீங்க சொன்ன ராட்சசன்?"

தம்பி என்னைப் பார்த்தான்.

"மன்னிச்சுக்குங்க அண்ணா, இது எங்கயும் வராது," என்றேன். "அந்த வாரை மட்டும் குடுத்துட்டுப் போங்க. எங்களுது நோட்டுல நாலாம் பக்கத்துல போயிடுச்சு."

நோட்டின் மீதிப் பக்கங்களில் இப்போது வாடிக்கையாளர்களின் அளவுகள் இருக்கின்றன. நான் தைக்கும்போது காலடியில் குறட்டை கேட்கிறது. இப்படி ஒரு தம்பி வாய்த்த நான் கொடுத்து வைத்தவள்.