மெத்தைக்காரரின் பூட்ஸ்

"கழுவாத காலை என் மெத்தையில வச்சா, காலைத் தனியா கழட்டிக் குடுத்துட்டு வீட்டுக்கு நடந்து போ."

கல்யாணமான புதிதில் மனைவியின் தம்பியைப் பார்த்து மெத்தைக்காரர் இப்படி எரிந்து விழுந்தார். தம்பிக்காரன் சளைக்கவில்லை. "காலைக் கழட்டிட்டா எதால நடக்கிறது மச்சான்?" என்றான். அதற்குப் பிறகு வெகு காலம் அவன் அந்த வாசற்படியை மிதிக்கவில்லை.

பஞ்சு அடித்து, உறையில் திணித்து, முழ நீள ஊசியால் குத்திக் கட்டுகிற தொழில் அவருக்கு. காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்த பிறகுதான் படுக்கையில் ஏறுவார். "மூஞ்சியைக்கூட இவ்வளவு பாத்துக்க மாட்டாரு" என்று மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள்.

பிறகு போர் வந்தது. பஞ்சைத் தவிர வேறெதையும் அடித்தறியாத மனுஷனைப் பிடித்துத் துப்பாக்கியைக் கொடுத்து அனுப்பினார்கள்.

போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோடே என்பார்கள். இவர் பூட்ஸ் நாற்றத்தோடு வந்தார். வந்த அன்றைக்கே பூட்ஸைக் கழற்றாமல் கட்டிலில் ஏறினார். மறுநாளும் அப்படியே. பூட்ஸின் லாடம் கிழித்துக் கிழித்து மெத்தை குடலைக் கக்கியது. மனைவியின் கெண்டைக்காலில் கன்றாத இடமில்லை. ஒருநாள் காலையில் அவள் தகரப்பெட்டியை இழுத்துப் போட்டுப் புடவைகளை அடுக்கினாள்.

"ஒரு கட்டில்ல ஒண்ணு நான் படுக்கணும், இல்ல அந்த பூட்ஸ் படுக்கணும். நான் என் தம்பி வீட்டுக்குப் போறேன். அங்க எல்லாரும் வெறுங்காலோட படுக்கிறாங்க."

மெத்தைக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தார். சுவரைப் பார்த்தே பேசினார்.

"பள்ளத்துல படுத்திருந்தோம். பழக்கதோஷம், பூட்ஸைக் கழட்டிட்டுக் காலைத் துடைச்சேன். எதிரி சுட ஆரம்பிச்சுட்டான். எல்லாரும் ஓடிட்டாங்க. எங்க பட்டாளத்துச் சமையக்காரன் மட்டும் நின்னு என் பூட்ஸைத் தேடினான். இடது கால் பூட்ஸ் கிடைச்சுது. வலது காலுக்குக் குனிஞ்சான். நிமிரல."

அவள் அழுகிற ஜாதி இல்லை. கையிலிருந்த புடவையை இன்னொரு தடவை மடித்தாள்.

"அப்போ தேடுற மாதிரி இருக்கக் கூடாது. அவ்வளவுதானே?"

"ம்."

அவள் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு உறைத் துணியில் இரண்டு துண்டு வெட்டினாள். மெத்தையின் ஓரத்தில், படுத்தபடி கை நீட்டினால் எட்டுகிற இடத்தில், இரண்டு பை வைத்துத் தைக்க ஆரம்பித்தாள். மெத்தைக்காரர் ஓரக்கண்ணால் பார்த்தார். பல்லைக் கடித்துப் பொறுத்தார். முடியவில்லை.

"ஏண்டி, இது தையலா, கோழி கிளறினதா?"

"அவ்வளவு ரோஷமிருந்தா நீங்க தைங்க."

ஊசியைப் பிடுங்கி, அத்தனையையும் பிரித்து, இரட்டை நூலில் அவரே தைத்தார். சாயங்காலம் காலைக் கழுவித் துடைத்தார். பூட்ஸைக் கழற்றிப் பையில் செருகி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கை நீட்டித் தொட்டுப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார். அவள் பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

விஷயம் தெருவுக்குத் தெரிந்தது. பை வைத்த மெத்தைக்கு ஆள் வர ஆரம்பித்தது. ஒரு கிழவர் பல்செட்டுக்குத் தனிப் பை கேட்டார்.

ஆனால் பூட்ஸ் பையில் முழுசாக அடங்கவில்லை; ராத்திரி நழுவி நடுவில் வந்து கிடந்தது. "யானைக்குட்டி பக்கத்துல படுத்த மாதிரி இடுப்புல முட்டுது" என்று இவள் முனகாத காலை கிடையாது. கடைசியில் அவரை இழுத்துக்கொண்டு செருப்புத் தைக்கிறவனிடம் போனாள். ஓடினாலும் கழலாதபடி பின்வார் வைத்த, பையில் அடங்குகிற மெல்லிய தோல் செருப்பு ஒரு ஜோடி கிடைத்தது. மெத்தைக்காரர் அதைப் போட்டுக்கொண்டு நரைத்த மீசையோடு கடைவாசலிலிருந்து தெருக்கோடிவரை ஓடிப் பார்த்துவிட்டு, மூச்சிரைக்க வந்து, "பரவாயில்ல" என்றார்.

செருப்புக்கு விலை, அந்த பூட்ஸும் ஒரு தலையணையும். தலையணை அதிகம்தான்.