மஞ்சளும் சுண்ணாம்பும் ஒரு கோழிக்குஞ்சும்

1. நான் செய்த வைத்தியம்

கோழிப்பண்ணை வேலைக்கு வருகிற பிள்ளைகள் தீவனத்தைப் பற்றிக் கேட்பார்கள், தடுப்பூசியைப் பற்றிக் கேட்பார்கள். குஞ்சைக் குஞ்சு கொத்தினால் என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்காமல்தான் உள்ளே போனேன். அதனால் ஒரு குஞ்சைக் கொல்லப் பார்த்தேன்.

எழுபதுகளின் நடுவில் நேமம் பக்கத்துத் தனியார் பண்ணை ஒன்றில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். வீடு கரமனை அக்ரகாரத்தில். முட்டை என்ற சொல்லையே தணிந்த குரலில் சொல்கிற வீடு. சாயங்காலம் வந்தால் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் சமையலுள்ளில் கால் வைக்க வேண்டும் என்பது அம்மாவின் நிபந்தனை. நான் நாள் முழுக்க ஆபீஸ் நாற்காலியில் இருப்பதாக அவள் நம்பினாள். முதல் மாதம் அது உண்மையும்கூட. பிறகு, இளங்குஞ்சுகளைப் பல்பு வெப்பத்தில் வளர்க்கிற புரூடர் ஷெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனார். நான் பார்க்கிறேன் என்று முதலாளி மேனன் சார் முன்னால் போய் நின்றேன். டைப்ரைட்டர் அலுத்திருந்தது, அந்த முந்நூறு குஞ்சுகளின் இரைச்சல் எனக்குப் பிடித்துப்போயிருந்தது. ஆள் கிடைக்கிறவரை பார் என்றார்.

பத்தாவது நாள் மத்தியானம், ஷெட்டின் மேற்குப் பக்கத்தில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன. விலக்கினால், அடியில் ஒன்று சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. வாலில் இறகு முளைக்கிற இடத்தில் தோல் கிழிந்து ரத்தம் வழிந்தது. இரண்டு வாரக் குஞ்சு. கையில் எடுத்தபோது அதன் நெஞ்சு படபடப்பது உள்ளங்கையில் தெரிந்தது.

எங்கள் வீட்டில் எந்த அடிக்கும் மஞ்சளும் சுண்ணாம்பும்தான். வீட்டுக்கு வாங்கிய மஞ்சள்பொடி பையில் இருந்தது. ஷெட் பெருக்குகிற தங்கம்மை அக்காவிடம் வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பு இருந்தது. எதற்கு என்று கேட்காமல் கொடுத்தாள். குழைத்துப் பூசி, குஞ்சைக் கூட்டத்திலேயே விட்டுவிட்டு, பெரிய டாக்டர் போலக் கை கழுவப் போனேன்.

திரும்பி வந்தால் முன்பைவிடப் பெரிய குவியல். எத்தனை கல்யாணத்துக்கு ஆரத்தி கரைத்திருப்பேன். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் ரத்தச் சிவப்பாகும் என்று எனக்குத் தெரியாதா? குஞ்சுகள் சிவப்பைக் கண்டால் கொத்தும். மறைக்க வேண்டிய காயத்துக்கு நான் பொட்டு வைத்துக் காட்டிக்கொடுத்திருந்தேன். போதாததற்குச் சுண்ணாம்பு வேறு பச்சைப் புண்ணை எரித்திருக்கும். எனக்கு வந்த அவமானத்தில் அழுகைகூட வரவில்லை.

தங்கம்மை அக்கா களியக்காவிளைக்காரி. மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். "என்ன காரியம் குட்டி செஞ்சே? செவப்பப் பாத்தா அதுக விடுமா?"

மேனன் சார் வந்து பார்த்தார். "ஜானகி, அதைக் கொண்டு போய்த் தூரக் களை. கொத்து வாங்கின குஞ்சு பின்னே நேரேயாகாது, கேட்டோ."

"என் தப்பு சார். நானே பாத்துக்கறேன்."

"பாத்துக்கோ. பக்ஷே இது செத்தா, பின்னே நீ டைப்ரைட்டர் மாத்திரம் பாத்தா மதி, ஷெட் வேண்டா."

2. தேயிலைப் பெட்டி

வெந்நீரில் உப்புப் போட்டு ஆறவைத்து, பஞ்சால் ஒற்றி ஒற்றி அந்தச் சிவப்பை எடுத்தேன். பஸ் பிடித்துக் கரமனை மருந்துக் கடைக்குப் போய் ஜென்ஷன் வயலட் வாங்கி வந்தேன். கருநீல மருந்து, ரத்தத்தின் நிறத்தை மூடிவிடும். என் விரல்களையும் மூடியது. அன்று அம்மா கேட்டபோது டைப்ரைட்டர் ரிப்பன் மை என்றேன். பொய்தான்.

ஒரு காலித் தேயிலைப் பெட்டியில் உமி பரப்பி, முன்பக்கம் கம்பி வலை அடித்து, குஞ்சை உள்ளே விட்டேன். பெட்டியை ஆபீஸில் வைக்கவில்லை, ஷெட்டுக்குள்ளேயே வைத்தேன். கண்ணில் படாமல் நாலு நாள் பிரித்து வைத்த குஞ்சை மற்றவை மறந்துவிடும். திரும்ப விட்டால் அந்நியனென்று அடிக்கும். இது மட்டும் எனக்கு யாரும் சொல்லாமலே தோன்றியது.

குஞ்சு தின்னவில்லை. கம்பியோரம் நின்று கத்திக்கொண்டே இருந்தது. இங்க் ஃபில்லரைக் கழுவி, கரைத்த தீவனத்தைச் சொட்டுச் சொட்டாக அலகில் விட்டேன். பாதி என் புடவையில் விழுந்தது. மறுநாள், கூட்டத்திலேயே சாதுவான ஒரு பொடிக்குஞ்சைப் பிடித்துத் துணைக்கு விட்டேன். அது கொத்தித் தின்பதைப் பார்த்து இதுவும் தின்றது. எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஆனால் மூன்றாம் நாள் இன்னொரு குஞ்சின் வாலில் லேசாக ரத்தம். அதற்கும் நீலம் பூசினேன். அப்போதுதான் என் புத்தி காயத்தை விட்டுவிட்டு ஷெட்டைப் பார்த்தது. மத்தியானம் முழுக்க உள்ளேயே நின்றேன். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சரியாக ஒரு மூலையில் விழுந்தது. கண் கூசுகிற வெளிச்சம், புழுக்கம், முந்நூறுக்கு நாலே தீவனத் தட்டு. கொத்து அந்த மூலையில்தான் ஆரம்பித்தது. மனுஷர்களை அப்படி அடைத்திருந்தால் நாமும் கொத்தியிருப்போம்.

ஜன்னலுக்குச் சாக்கு கட்டினேன். பக்கத்து அறையைத் திறந்து கொடுங்கள், பாதியை மாற்ற வேண்டும் என்று மேனன் சாரிடம் கேட்டேன். அது சாமான் அறை என்றார். காலி செய்கிறேன் என்றேன். நானும் தங்கம்மை அக்காவும் ஒரு நாள் முழுக்கத் தட்டுமுட்டுகளை வெளியே போட்டோம். அவள் வழியெல்லாம் என்னைத் திட்டினாள், ஆனால் கனமான முனையை அவளே பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமையும் போனேன். ஆபீஸுக்கு ஞாயிறு எதற்கு என்று அம்மா கேட்டபோது பொய் தீர்ந்துபோயிருந்தது. குஞ்சு என்றேன். அவள் என் நீல விரல்களைப் பார்த்தாள்.

"அது நன்னா சாப்பிடறதா?" என்று மட்டும் கேட்டாள்.

3. திரும்ப விட்டது

பன்னிரண்டாம் நாள் புண் காய்ந்து, இறகுக் குருத்து எட்டிப் பார்த்தது. அந்தி சாய்கிற நேரம், எல்லாத் தட்டிலும் புதுத் தீவனம் கொட்டிவிட்டுக் கம்பி வலையை எடுத்தேன். இரண்டும் இறங்கி வந்தன. ஒரு குண்டுக்குஞ்சு அருகே வந்து அந்த நீலத்தை ஒரு முறை கொத்தியது. அதற்கு ருசிக்கவில்லை போலும், தட்டுக்குத் திரும்பியது. நான் ஆறரை பஸ்ஸை விட்டுவிட்டு ஏழு மணி பஸ்ஸில் போனேன்.

ஒரு மாதம் கழித்து மேனன் சார் ஷெட் வாசலில் வந்து நின்றார். "எவிடே நின்ட குஞ்சு? காட்டு."

உள்ளே இறங்கினேன். நீலம் எப்போதோ உதிர்ந்திருந்தது. எல்லா வாலிலும் வெள்ளை இறகு. இரண்டு அறையும் சுற்றினேன். ஒன்றைத் தூக்கிக் காட்டிவிடேன் என்று தங்கம்மை அக்கா கண்ணைக் காட்டினாள். எனக்கு மனம் வரவில்லை.

"தெரியலை சார்."

அவர் இறப்பு ரெஜிஸ்டரை வாங்கிப் புரட்டினார். அந்த மாதப் பக்கத்தில் கொத்துப்பட்டுச் செத்தது என்று ஒரு வரியும் இல்லை. ஷெட் சாவியை ரெஜிஸ்டர் மேல் வைத்துவிட்டுப் போனார். இருபத்தாறு வருஷம் அது என் இடுப்பில் இருந்தது.

இப்போதும் சில பண்ணைகளில் என்னைக் கூட்டிப் போய், நாங்கள் பிழைக்கவைத்த குஞ்சு என்று ஒரு கூண்டைக் காட்டுவார்கள். நன்றாகத்தான் இருக்கும். பிழைத்துவிட்டதென்றால் அது இன்னும் ஏன் தனியாக இருக்கிறது என்று கேட்பேன்.