ஒழுகும் இடத்தைச் சொல்லி விற்ற வீடு

இன்று ஈஜோக் சந்தையில் முத்தையா அண்ணனைப் பார்த்தேன். எண்பதுகளில் எங்கள் பழைய வீட்டை வாங்கியவர்.

அப்போது ரவாங்கில் கட்டி விற்றுக்கொண்டிருந்த புது வீடுகளில் ஒன்றுக்கு அப்பா முன்பணம் கொடுத்திருந்தார். பழையது விற்காவிட்டால் புதியது கைவிட்டுப் போய்விடும்.

அம்மாவோ, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி கொடுத்து, "மழை பேஞ்சா குசினி ஒழுகும்ங்க" என்று சமையலறையைக் காட்டிச் சொல்லிவிடுவார்.

தேத்தண்ணி குடித்தவர்கள் திரும்பி வரவே மாட்டார்கள். அப்பா தலையில் கைவைத்துக்கொள்வார்.

முத்தையா அண்ணன் மட்டும், "வீட்டுக்காரங்களே சொல்லிட்டாங்க, வேற குறை இருக்காது லா" என்று வாங்கிக்கொண்டார்.

இன்று சிரித்தார். "அம்மா சொன்ன எடத்துலதான் இன்னும் ஒழுகுது. வேற எங்கயும் இல்ல லா."

எங்கள் புது வீடு எங்கே ஒழுகும் என்று யாருமே சொல்லவில்லை. பால் காய்ச்சிய அன்று மழை வந்துதான் சொன்னது.

உங்களுக்கெல்லாம் யார் சொன்னார்கள்?