டேலைட் என்ற பொத்தானும் அத்தையின் மேட்சிங் சென்டரும்

நடந்தவை, வரிசையாக:

1. சிதம்பரத்தில் மேட்சிங் சென்டர் வைத்திருக்கும் என் அத்தையிடம், மகளின் தேவாலயக் கல்யாணத்துக்காக ஓர் அம்மா வெள்ளைப் புடைவையோடு வந்து, அதற்குப் பொருத்தமான வெள்ளை பிளவுஸ் பிட் வாங்கிப் போனார்.

2. மறுநாளே திரும்பி வந்தார். கொடுத்தது வெள்ளை இல்லை, லேசாக மஞ்சள் தட்டிய ஹாஃப் வொயிட்.

3. அத்தை தான் எடுத்தது வெள்ளைதான் என்றும், கிள்ளை என்ற ஊரிலிருந்து வந்து கடையில் வேலை செய்யும் கிள்ளை அக்கா மடிக்கும்போது மாற்றிவிட்டார் என்றும் சொன்னார்.

4. அதே வாரத்தில் கருநீலப் புடைவைக்குக் கறுப்பு பிட்டும், கத்திரிப்பூ நிறத்துக்குச் சாம்பல் நிற பிட்டும் போய்த் திரும்பி வந்தன.

5. நல்ல பிட்டுகளை எடுத்துப் போகிறாரோ என்று, கிள்ளை அக்கா இனிமேல் சாயங்காலம் கிளம்பும்போது பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்றார் அத்தை.

6. எனக்குப் போன் வந்தது. "உங்க கம்பெனில கலர் பாக்குற பொட்டி ஒண்ணு இருக்குன்னியே. அதுல வச்சுப் பாரு. என் கடைல யாரு வேல காட்டுறாங்கன்னு தெரியணும்."

அந்தப் பெட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். செம்மங்குப்பத்தில் ஒரு சாயத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் நான் வேலை பார்க்கிறேன். ஜன்னல் இல்லாத அறை. மூலையில் ஒரு வெளிச்சப் பெட்டி. உள்பக்கம் முழுக்கச் சாம்பல் வர்ணம், மேலே விதவிதமான விளக்குகள், முன்னால் ஒரு வரிசைப் பொத்தான்கள். கடை விளக்குக்கு ஒரு பொத்தான், வீட்டு மஞ்சள் விளக்குக்கு ஒன்று. முதல் பொத்தானில் 'டேலைட்' என்று எழுதியிருக்கும். சாயமிட்ட இரண்டு துணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்துவோம். ஒரு விளக்கில் ஒன்றுபோல இருக்கும் இரண்டு துணிகள் இன்னொரு விளக்கில் யாரோ எவரோ என்று பிரிந்துவிடும். அதனால் ஒரே ஒரு வெளிச்சத்தை நம்புகிறவரை எங்கள் வேலையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். சேர்ந்த புதிதில் எனக்கு அந்த முதல் பொத்தான் மீதே சந்தேகம் இருந்தது. வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்க, நாங்கள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குழாய் விளக்கைப் பகல் என்று நம்புகிறோமே என்று தோன்றும்.

சந்தேகப்படுவது எங்கள் குடும்பத்தில் அத்தை வழியாக வந்த குணம். காய்கறிக்காரர் தராசு, பால் பாக்கெட், ஜோசியர், டாக்டர், யாரையும் அவர் ஒரு தடவையில் ஒப்புக்கொண்டதில்லை. ஜவுளிக்கடை விளக்குகள் மீது அவருக்கு இருந்த பகையில்தான் அவருடைய கடையே எழுந்தது என்று சொல்லலாம். "உள்ள வச்சுக் காட்டுறவன் எதையோ மறைக்கிறான்" என்பார். தன் கடையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும், புடைவையையும் பிட்டையும் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கித் தெருவுக்கு வந்துவிடுவார். வாங்க வந்தவர்கள் பின்னாலேயே இறங்க வேண்டும். தெருவில் நின்று, புடைவை முந்தானையின் மேல் பிட்டைப் போட்டு, முகத்துக்கு நேராக உயர்த்தி, தலையைச் சாய்த்து, இடது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பார். குறி பார்க்கிறவர் மாதிரி இருக்கும். பிறகு, "எடுத்துக்கோ, ஒட்டிப் பொறந்த மாதிரி இருக்கு" என்பார், அல்லது உள்ளே போய் வேறொன்றை எடுத்து வருவார். வாடாமல்லியில் எத்தனை வகை, அரக்கில் எத்தனை வகை என்று அவருக்குத் தெரியும். தெரு வெளிச்சத்தில் அவர் சரி என்றால் சிதம்பரத்தில் அதற்கு மறுபேச்சு இருந்ததில்லை.

பட்டியல் போடும் பழக்கம் எனக்கு உண்டு. அத்தையின் போன் வந்த வாரத்தில், முதல் பொத்தானில் இருந்த டேலைட் என்ற சொல்லின் அர்த்தங்களைத் தேடி எழுதிக்கொண்டிருந்தேன். பகல், வெளிச்சம் இரண்டையும் ஒட்டிச் செய்த சாதாரணச் சொல் அது. ஆங்கிலத்தில் பல நூறு ஆண்டுகளாக இருக்கிறது. பகலின் வெளிச்சத்தையும், பொழுது விடியும் நேரத்தையும் குறித்திருக்கிறது. அப்புறம்தான் அது ஊர் சுற்றப் போகிறது. ஒளிவுமறைவு இல்லாத நிலைக்கு அந்தப் பெயர் வருகிறது. ஆனால் கண்ணெதிரே அடிக்கிற கொள்ளைக்கும் அதையே அடைமொழியாகப் போடுகிறார்கள், நாம் பட்டப்பகல் கொள்ளை என்பதுபோல. இரண்டு பொருள்களுக்கு நடுவே தெரிகிற இடைவெளியும் டேலைட்தான்: படகுப் போட்டியில் முன்னால் போகும் படகுக்கும் பின்னால் வரும் படகுக்கும் நடுவே தெரியும் இடம், அழுத்த எந்திரத்தின் மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் நடுவே உள்ள வாய், மதுக் கோப்பையில் விளிம்புக்குக் கீழே ஊற்றாமல் விட்ட வெற்றிடம். பன்மையில் சொன்னால் ஒரு காலத்தில் கண்களைக் குறித்திருக்கிறது. சண்டைக்குப் போகிறவன் எதிராளியின் டேலைட்டுகளை இருட்டாக்கிவிடுவதாக மிரட்டுவானாம். பிறகு அது கண்ணிலிருந்து இறங்கி, உடம்புக்குள் உயிர் இருக்கும் ஏதோ ஓர் இடத்துக்குப் போய்விட்டது. இன்றைக்குக் கடைத்தெருவில் கேட்டால், பல்ப் அட்டையில் அச்சடித்திருக்கும் நீலம் கலந்த வெள்ளை என்று அர்த்தம். இத்தனை பேருக்கு வேலை செய்கிற சொல்லை எப்படி நம்புவது என்று எழுதி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனேன். முகூர்த்த மாதம், கடை திறந்திருந்தது. அத்தை கல்லாவுக்கு முன்னால் உட்கார்ந்து, ஏணியில் நின்று பிட் எடுத்துக்கொண்டிருந்த கிள்ளை அக்காவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ச் சாரியில் புதிதாக ஒரு மேட்சிங் கடை வந்திருந்தது. அதன் முதலாளி கிள்ளை அக்காவை ஒரு நாள் நிறுத்திப் பேசியதை அத்தை பார்த்திருக்கிறார். "அவன்தான் இவள வச்சு என் பேரக் கெடுக்குறான்" என்று என் காதில் சொன்னார். எனக்கும் சந்தேகங்கள் இருந்தன. நான் அவற்றை முறைப்படி வைத்துக்கொண்டிருந்தேன். கடைக்குள் புதிதாக மாட்டிய எல்.இ.டி. விளக்கு காரணமாக இருக்கலாம். எதிர்க் கடை கட்டியிருந்த நீலத் தார்ப்பாய் தெரு வெளிச்சத்தையே கெடுத்திருக்கலாம். மொத்த வியாபாரி மட்டமான சாயத்தில் துணி அனுப்பியிருக்கலாம். கிள்ளை அக்காவும் அந்த வரிசையில் கடைசியாக இருந்தார். திரும்பி வந்த பிட்டுகளையும், அவற்றுக்குப் பொருத்தம் என்று அத்தை எடுத்துத் தந்தவற்றையும் துண்டு துண்டாக வெட்டி உறைகளில் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் கிள்ளை அக்கா கிளம்பினார். கடைசிப் பேருந்துகளில் கூட்டம் ஜாஸ்தி என்பதால் எப்போதும் கொஞ்சம் முன்னாலேயே போய்விடுவார். அத்தை அவர் பையைப் பார்த்தார். கடையில் இரண்டு பெண்கள் பிட் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிள்ளை அக்கா பையை அப்படியே மேசை மேல் கவிழ்த்தார். டிபன் பாக்ஸ், குடை, சீப்பு, காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம். பொட்டலத்தை அவரே பிரித்தார். கருவாட்டு நாற்றம் கடை முழுக்கப் பரவியது.

"இதுக்கு மேட்சிங்கா ஏதாவது இருந்தா எடுத்துக் குடுங்க அக்கா" என்றார்.

நின்றிருந்த பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை. "பேச்சப் பாரு. யாரோ சொல்லிக் குடுத்துப் பேசுற பேச்சு இது" என்றார்.

"எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம் அக்கா. இந்தக் கடைல வந்த நாள்லேருந்து உங்க பேச்சத்தான் கேக்குறேன்." எல்லாவற்றையும் திரும்பப் பைக்குள் போட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வேலைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பையைக் கவிழ்க்க வைத்த கதை அதற்குள் மற்றக் கடைகளுக்கும் போய்விட்டது. திருடி என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அந்தத் தெருவில் இனி அவருக்கு வேறு வேலை கிடைக்குமா என்பது அந்தச் சொல்லைப் பொறுத்துத்தான் இருந்தது.

சோதனைக்கூடத்தில் துண்டுகளைப் பெட்டிக்குள் வைத்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினேன். அத்தை பொருத்தம் என்று சொன்னவை எந்த விளக்கிலும் பொருந்தவில்லை. எல்.இ.டி., தார்ப்பாய் இரண்டும் பட்டியலிலிருந்து விழுந்தன, ஏனென்றால் விளக்கு மாறினால் மாறுகிற வகைக் குழப்பம் இது இல்லை. மொத்த வியாபாரியின் சாயமும் ஒழுங்காக இருந்தது. ஹாஃப் வொயிட், வெள்ளை. கறுப்பு, கருநீலம். சாம்பல், கத்திரிப்பூ. மூன்று ஜோடிகளிலும் காணாமல் போனது ஒரே நிறம், நீலம். பைக்குள் ஒளித்துக் கொண்டுபோகக்கூடிய பொருள் அல்ல அது. எதிர்க் கடைக்காரர் ஆள் வைத்துத் திருடவும் முடியாது. அத்தைக்கும் துணிக்கும் நடுவில் எங்கேயோ அது தொலைந்திருந்தது.

அடுத்த ஞாயிறு அத்தையிடம் சொன்னேன். அவர் எதிர்பார்த்த பதில் அது இல்லை.

"ஏண்டி, உன் பொட்டிக்குள்ள இருக்கிறது ட்யூப் லைட்டு. நான் சூரியன்ல பாக்குறேன். எது பெருசு?"

"சரி அத்தை, சூரியன்லயே பாப்போம், வாங்க" என்றேன். வெள்ளையும் ஹாஃப் வொயிட்டும் இரண்டு பிட் எடுத்துக்கொண்டு படி இறங்கினோம். அவர் வழக்கம்போல இடது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தலையைச் சாய்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரே துணியை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது பேசிக்கொள்ளக் கூடாது. அத்தைக்கு வேறு யார் மீதும் நம்பிக்கை கிடையாது. அவரிடம் இருப்பதே இரண்டு கண்கள்தான்.

"இடது கண்ண நல்லா மூடுங்க. ரெண்டும் என்ன கலர்?"

"ரெண்டும் வெள்ள. ஒரே வெள்ள."

"இப்ப மாத்தி மூடுங்க."

கண்ணை மாற்றி மூடினார். திரும்ப மாற்றினார். இன்னொரு தடவை மாற்றினார். பூ விற்கிற அம்மா கூடையோடு நின்று வேடிக்கை பார்த்தார். "என்னா அக்கா, நடுத்தெருவுல நின்னு யாருக்குக் கண்ணடிக்கிறீங்க?"

அத்தை அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத்தான் முறைத்தார். "துணிய மாத்துறியா?"

"துணி உங்க கைலதான் அத்தை இருக்கு."

குனிந்து கைகளைப் பார்த்தார். பிறகு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். வாங்க வந்த இரண்டு பேரை, இன்றைக்கு இல்லை என்று நானே அனுப்பினேன். வலது கண்ணைத் தொட்டு, "அந்தக் கண்ணுலதானேடி பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது எளிமையானது. வலது கண்ணில் புரை முற்றிப் பழுப்பேறியிருக்கிறது, இடது கண்ணில் தொடங்கியிருக்கிறது. பழுப்பேறிய கண் லென்ஸ் நீலத்தைத் தடுத்துவிடும். மெல்ல மெல்ல வருவதால் பார்ப்பவருக்குத் தெரியாது. டாக்டர் பேசி முடித்த பிறகு அத்தை, இதை இன்னொரு டாக்டரிடமும் கேட்க வேண்டும் என்றார். கேட்டோம். அவரும் அதையே சொன்னார்.

வலது கண்ணுக்கு அறுவை முடிந்து கடைக்கு வந்த முதல் நாள், வாசலில் நின்று, "செவுத்துக்கு யாரு நீலம் போட்டது?" என்று கேட்டார். யாரும் போடவில்லை, அதே பழைய சுண்ணாம்பு வெள்ளைதான். பிறகு அலமாரியில் வெள்ளை அடுக்கை இறக்கச் சொன்னார். பாதிக்குப் பாதி ஹாஃப் வொயிட் கலந்து கிடந்தது. அவர் கையால் அடுக்கிய அடுக்கு அது, வேறு யாரையும் அதைத் தொட விட்டதில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். நான் உதவிக்குப் போனபோது வேண்டாம் என்று கையை ஆட்டினார். கிள்ளை அக்காவுக்குப் போன் போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். "என்னான்னு சொல்லுவேன்?" என்றார். அதுவும் சந்தேகம்தான். ஆனால் அவர் தன் மேல் பட்ட சந்தேகத்தை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இப்போதைய நிலை இது. கிள்ளை அக்கா எதிர்ச் சாரிக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அவரைச் சேர்த்துக்கொள்வதற்கு முன்னால் அந்த முதலாளி நேராக அத்தையிடம் வந்து கேட்டிருக்கிறார். "அவ கை சுத்தம். தப்பு என் கண்ணு மேல" என்று அத்தை, கடையில் ஆட்கள் இருக்கும்போதே சொல்லியிருக்கிறார். கிள்ளை அக்காவிடம் நேரில் சொல்லவில்லை. இடது கண்ணுக்கு அறுவை வேண்டாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறார். புதுக் கண் எல்லாவற்றையும் கொஞ்சம் ஜாஸ்தியாகவே நீலமாகக் காட்டுகிறதாம், அதை எப்படி நம்புவது என்கிறார். நிறத்தில் சந்தேகம் வந்தால், வாங்க வந்தவர்களிடமே துணியைக் கொடுத்து, "எதுத்தாப்புல கிள்ளக்காரி இருப்பா, அவகிட்ட காட்டிட்டு வாங்க" என்று அனுப்புகிறார். கிள்ளை அக்கா துணியை வாங்கித் தெருவில் இறங்கிப் பார்த்து, சரியென்றால் சரி, இல்லையென்றால் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார். இருவரும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை.