நிரம்பியே திரும்பிய பாட்டில்

துர்காதேவிக்கு எதையும் சும்மா விட்டுவிடத் தெரியாது. மிக்சி நின்றுபோனால் கடைக்குக் கொண்டுபோகமாட்டார். ஸ்க்ரூடிரைவரோடு தரையில் உட்கார்ந்துவிடுவார். பாதி நேரம் மிக்சி பிழைக்கும், பாதி நேரம் கடைக்காரர் பிழைப்பார். தண்ணீர் கேன் ஏற்றிப் போகும் தன் லோடு ஆட்டோவில் புதுச் சத்தம் ஏதாவது கேட்டால், நட்ட நடு ரோடு என்றும் பார்க்காமல் நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால், "இருய்யா, இன்னா சத்தம்னு பாத்துகினு கீறேன் இல்ல?" என்பார்.

இவரைத்தான் எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். யாரும் யோசித்துச் செய்ததில்லை. மற்ற அம்மாக்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டிருந்தபோது, இவர் மட்டும் "தலைவின்னா இன்னா வேலை?" என்று கேட்டார். கேட்டவர் மாட்டிக்கொண்டார்.

ஊர்ப்பெயரைச் சொல்லப்போவதில்லை. சதுரங்கப்பட்டினத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் வழியில் ஏரியை ஒட்டிய ஊர், அது போதும். பெயரைச் சொன்னால் தலைமையாசிரியை பெருந்தேவி என்னோடு பேசுவதை நிறுத்திவிடுவார். நல்ல மனுஷி, எதற்கு வம்பு? நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன். கல்வியாளர் ஒருவர் வேண்டுமென்று விதியாம். தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவனைக் கல்வியாளர் ஆக்கிய பெருமை எங்கள் ஊருக்கே உரியது.

துர்கா பிறந்தது வேடந்தாங்கல் பக்கம். ஒன்பதாவதோடு நின்றுவிட்டார். ஏன் என்று கேட்டால், "படிப்பு ஏறல" என்று ஒரே பதில். எனக்கு அது ஒட்டாத பதிலாகவே பட்டது. மகள் வைஷாலியின் ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டு, வாத்தியாரிடம் போய்ச் சந்தேகம் கேட்கிறவருக்கா படிப்பு ஏறாது? ஆனால் அடுத்தவர் வீட்டுப் பழங்கதையைக் கிளற எனக்கு என்ன உரிமை? விட்டுவிட்டேன்.

தலைவியானதும் அவர் கையிலெடுத்த முதல் வேலை பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை. அலுவலகம் அலுவலகமாக நடையாய் நடந்தார். ஒருநாள் கேன் ஆட்டோவை அதிகாரியின் ஜீப்புக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, "பதில் சொன்னா எடுக்கறேன்" என்று நின்றார். கட்டடம் வந்தது. வெள்ளை டைல்ஸ், குழாய், உள்தாழ்ப்பாள் எல்லாம் வைத்து அழகான கட்டடம். திறப்பு விழாவில் எல்லோரும் போட்டோவுக்கு நிற்க, இவர் உள்ளே குழாயைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வந்தது. அந்தக் கேள்வி அதோடு தீர்ந்தது என்று நினைத்துவிட்டார். நாங்களும்தான்.

போன ஆவணியில் வைஷாலிக்கு நீர்க்கடுப்பு வந்தது, கூடவே காய்ச்சலும். மாத்திரை சாப்பிட்டுத் தேறிப் பள்ளிக்குப் போனாள், மறுபடியும் வந்தது. "பொண்ணு தண்ணியே குடிக்கறதில்லையாம்மா?" என்று டாக்டர் கேட்டதில் துர்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஊருக்கெல்லாம் தண்ணீர் ஊற்றுகிறவள் வீட்டில் இப்படி ஒரு பேச்சா? மூன்றாவது முறையும் வந்தபோது வைஷாலி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, "நான் இனிமே ஸ்கூலுக்குப் போவல" என்றாள்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கும் கணவர் ரஞ்சித்குமார், "உடம்புதான முக்கியம்? முடியலன்னா நின்னுக்கட்டும், வுடு" என்றார். பாசத்தில்தான் சொன்னார். ஆனால் 'நின்னுக்கட்டும்' என்ற சொல் துர்காவுக்குப் பொறுக்கவில்லை. அந்த வீட்டில் இன்னொரு பெண் பாதியில் நிற்கக் கூடாது என்பது அவருடைய ஒரே பிடிவாதம். மகளைக் கெஞ்சியும் மிரட்டியும் அனுப்பிவைத்தார். சாயங்காலம் பையைத் திறந்து பார்த்தால், காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் கழுத்து வரை அப்படியே இருந்தது.

"ஏண்டி குடிக்கல?"

"தாகம் எடுக்கல."

"வெயிலு இந்தப் போடு போடுது, தாகம் எடுக்கலயா?"

வைஷாலி பாட்டிலைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். துர்காவுக்கு மிக்சி நின்றுபோனது மாதிரிதான். இனி திறந்து பார்க்காமல் விடமாட்டார்.

தண்ணீர் விற்கிறவருக்கு முதலில் தண்ணீர்மீதுதான் சந்தேகம் வரும். பள்ளித் தொட்டியில் பாசி வாடை என்று முடிவு கட்டி, தன் கேன்களையே தினமும் பள்ளியில் இறக்கினார். ஆண் பிள்ளைகள் காலி செய்தார்கள். வைஷாலியின் பாட்டில் நிரம்பியே திரும்பியது. பாட்டிலில் பிளாஸ்டிக் வாடையோ என்று புதிதாக ஒன்று, உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி வாங்கினார். அதுவும் நிரம்பியே திரும்பியது. கடைசியில் குழுக் கூட்டத்தில், "ஆர்.ஓ. மிஷின் ஒண்ணு வேணும் டீச்சர், இதான் நம்ம ஸ்கூலுக்கு மொத வேலை" என்று சொல்லிவிட்டார். பெருந்தேவிக்குப் பரம சந்தோஷம். பள்ளியின் ஐந்தாண்டு இலக்குகளை எழுதி அனுப்பும்படி மேலிருந்து கேட்டிருந்தார்கள். முதல் வரி கிடைத்துவிட்டது.

ஆனால் துர்காவின் மனம் ஆறவில்லை. ஒருநாள் காலை லோடு இறக்கிய கையோடு ஏழாம் வகுப்பு ஜன்னலோரம் போய் நின்றார். இப்போதெல்லாம் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கவென்றே பள்ளியில் ஒரு மணி அடிக்கிறார்கள். மணி அடித்தது. பையன்கள் கழுத்து நனைய மடமடவென்று குடித்தார்கள். பெண் பிள்ளைகளும் வரிசையாக பாட்டிலைத் தூக்கி அண்ணாந்தார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வைஷாலியின் புது பாட்டிலில் தண்ணீர் மட்டம் இறங்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூங்கொடியின் பாட்டிலிலும் இறங்கவில்லை. துர்கா ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து அழுத்திப் பார்த்தார். ஒரு பெண்ணுக்கும் தொண்டை அசையவில்லை.

நேரே உள்ளே போய்விட்டார். "இன்னாங்கடி நாடகம் இது?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள். வைஷாலி பல்லைக் கடித்துக்கொண்டு, "அம்மா, நீ போம்மா" என்றாள்.

"போவ மாட்டேன். உங்ககூட ஒக்காந்துக்கறேன். நீங்க இன்னா பண்றீங்களோ நானும் பண்றேன்."

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஆனால் அவர்கள் செய்ததைச் செய்யவில்லை. மணி அடித்தபோதெல்லாம் நிஜமாகவே குடித்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவசரம் வந்துவிட்டது. தான் கட்டவைத்த கட்டடத்துக்குப் போனார். பூட்டியிருந்தது.

பூட்டியது பெருந்தேவி. அதற்கும் காரணம் உண்டு. திறந்துவிட்ட புதிதில் மூன்று நாளில் நாறிப்போய்விட்டது. கழுவுகிற சந்திரம்மா காலையில் ஒரு வேளைதான் வருவார். பூட்டிய பிறகு கட்டடம் பளிச்சென்று இருந்தது. பார்க்க வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். சாவி அடிக்கடி தொலைந்ததால், கணக்கு வாத்தியார் உப்பிலி ஒரு யோசனை செய்தார். விளையாட்டு அறையிலிருந்து ஒரு கிரிக்கெட் ஸ்டம்பை எடுத்து, சாவியை அதில் நைலான் கயிற்றால் கட்டி, ஆசிரியர் அறையில் தன் நாற்காலிக்கு மேலே மாட்டினார். "இதை யார் பையில போட்டுக்கிட்டுப் போறான்னு பாக்கறேன்" என்று என்னிடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். நானும் தலையை ஆட்டியிருக்கிறேன்.

துர்கா சாவி கேட்டபோது, தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த உப்பிலி நிமிராமலே, "மேல மாட்டியிருக்கும்மா, எடுத்துக்குங்க" என்றார். அறையில் இருந்த மற்ற வாத்தியார்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்கள். ஸ்டம்பைக் கையில் பிடித்துக்கொண்டு துர்கா தாழ்வாரத்துக்கு வந்தார். கட்டடம் மைதானத்துக்கு அந்தப் பக்கம். நடுவில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் ஆளை யாரென்று பார்க்கவில்லை, ஸ்டம்பை மட்டும் பார்த்துவிட்டு, வழக்கம்போல் பெண் பிள்ளை யாரோ கழிப்பறைக்குப் போகிறாள் என்று நினைத்து ஒருவன், "டேய், பேட்டிங் வருதுடா!" என்று கத்தினான். ஒரே சிரிப்பு. பெரிய மனுஷி என்று தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடிப்போனார்கள்.

மணல் லாரிக்காரனிடம் சரிக்குச் சரி வாய்ச்சண்டை போடுகிறவர் துர்கா. அன்றைக்கு அந்தத் தாழ்வாரப் படியை விட்டு இறங்க முடியவில்லை. ஸ்டம்பைத் திரும்ப மாட்டிவிட்டு, ஆட்டோவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார்.

"எனக்கே கால் வரல அண்ணாத்த" என்றார் என்னிடம். "அது கொயந்த. அதப் போயி நான் தெனம் திட்டிகினு இருந்தேன்." சிரிக்கத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது முந்தானை கண்ணுக்குப் போய்விட்டது.

ஐந்தாண்டு இலக்குகளை முடிவு செய்யும் கூட்டம் அந்த வாரமே வந்தது. பெருந்தேவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். ஆர்.ஓ. மிஷின், ஸ்மார்ட் போர்டு, எல்லாப் பிள்ளைகளும் பிழையின்றிப் படிக்க வேண்டும், மாணவர் மனநலனுக்கு யோகா. எல்லாம் நல்லவைதான். நான் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டேன்.

துர்கா எழுந்துபோய் ஸ்டம்பைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"டீச்சர், மிஷின் வேணாம். நாந்தான் தெரியாம சொல்லிட்டேன். தண்ணி நல்லாத்தான் கீது. இத எடுத்துகினு கிரவுண்டு வழியா போயிட்டு வரணும்னு சொல்லித்தான் பொண்ணுங்க காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணி குடிக்காம கெடக்குதுங்க."

"திறந்து போட்டா மறுபடியும் நாறும் துர்கா. யார் கழுவறது?" பெருந்தேவியின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "அவ்வளவு கஷ்டப்பட்டுச் சுத்தமா வச்சிருக்கேன்."

"யாரும் போவலன்னா சுத்தமாத்தான் டீச்சர் இருக்கும்."

துர்கா நின்றபடியே தொடர்ந்தார். "நான் ஒம்போதாவதுல நின்னேன். படிப்பு ஏறலன்னு எங்கூட்ல சொல்லிட்டாங்க, நானும் அதையே சொல்லிகினு கீறேன். அது பொய்யி. எங்க ஸ்கூல்ல ஒதுங்க ஒரு எடம் கெடையாது. வயசுக்கு வந்தப்பறம் என்னால முடியல, அதான் நின்னேன். எடம் இல்லன்னு நான் நின்னேன். இப்போ எடத்த கட்டி வச்சும் எம்பொண்ணு நிக்கறேன்றா. நான் இன்னா சொல்லி அவள அனுப்பறது?"

அத்தனை வருடம் ஒட்டாமல் இருந்த அந்தப் பதில் எனக்கு அப்போதுதான் விளங்கியது. என்னால் யாரையும் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

பெருந்தேவி கண்ணாடியைக் கழற்றினார். "என் ரூமுக்குள்ளயே பாத்ரூம் இருக்கு" என்றார், மெதுவாக. "எனக்கு இது தோணவே இல்ல." பிறகு ஸ்டம்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். வரவில்லை. போட்ட உப்பிலிக்கே வரவில்லை. பிளேடு வைத்துத்தான் அறுக்க வேண்டியிருந்தது.

மதியமும் ஒருமுறை கழுவ ஏற்பாடு செய்வதென்றும், வெளிப்பூட்டு இனி இல்லை என்றும் தீர்மானம் போட்டோம். இலக்குகளில் முதல் வரியை அடித்துவிட்டு, துர்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: 'எங்கள் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் காலியாக வீடு திரும்ப வேண்டும்.' அதைப் படித்த அதிகாரி ஒருவர் போன் செய்து, ஐந்து வருட இலக்கு என்றால் கொஞ்சம் பெரிதாக யோசிக்கக் கூடாதா என்று கேட்டார். "இதுக்கு மேல பெருசா இன்னா சார் கீது?" என்று துர்கா நிஜமாகவே கேட்டார்.

பூட்டு எடுத்து இரண்டு வாரம் இருக்கும். பிள்ளைகளுக்கு நம்பிக்கை வர அவ்வளவு நாள் பிடித்தது. செங்கல் வைத்து ஆடிக்கொண்டிருந்த பையன்களுக்கு ஸ்டம்பு திரும்பக் கிடைத்திருந்தது. ஒரு சாயங்காலம் ஏதோ கேட்க துர்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வைஷாலி வந்து பையைப் போட்டாள். துர்கா பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு பாட்டிலை எடுத்து ஆட்டினார். சத்தமே இல்லை. ஆனால் அவருக்குச் சந்தேகம் தீருமா?

"ஏண்டி, வழியில கீழ ஊத்திட்டியா?"

"அய்ய, குடிச்சிட்டம்மா. இன்னும் தாகமா கீது. நவுரு."

வைஷாலி கேனைச் சாய்த்துச் சொம்பு நிறையப் பிடித்து, நின்றபடியே அண்ணாந்து குடித்தாள். துர்கா மகளின் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.